‘அங்கதான் ஒண்ணுமே இல்லையே, சார்!’: டர்பனில் ஒரு பிளாஸ்மா வகுப்பு (நிகழ்வு ஆய்வு)

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், புழுக்கமான பிப்ரவரி மாதம் நிலைமின்னியல் சோதனை செய்து காட்டக் கிளம்புகிறவனுக்கு ஒன்று ஊர் புதிதாக இருக்க வேண்டும், இல்லை புத்தி மட்டாக இருக்க வேண்டும். நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து பல வருடம் ஆகிறது. ஆகவே முதல் காரணத்தைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அன்றைக்குக் காற்றில் ஈரம் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. பலூனைத் தேய்த்தேன், சுவரில் ஒட்டவில்லை. பி.வி.சி. குழாயைக் கம்பளித் துணியால் தேய்த்தேன், காகிதத் துணுக்குகள் மேசையை விட்டு எழவில்லை. சரி, தலைமுடியில் தேய்க்கலாம் என்று முன் வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டால், அவளுடைய பாட்டி அன்று காலையில்தான் தேங்காயெண்ணெய் தடவி, வழித்துச் சீவி, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருக்கிறார். பலூன் எண்ணெய்ப் பிசுக்கானதுதான் மிச்சம். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அவமானத்தில்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “இதையே விண்வெளியில் செய்தால் பிரமாதமாக வரும். அங்கே ஈரமும் இல்லை, காற்றும் இல்லை.”

பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். “அப்போ அங்கே ஏற்றின சார்ஜ் அப்படியே இருக்குமா, சார்?”

“இருக்கும்.”

வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போதுதான் உறைத்தது, சொன்னது தப்பு என்று. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற எனக்கு ஏழெட்டுச் சனிக்கிழமைகள் ஆயின. அது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்பதைப் பற்றியதே இந்தக் குறிப்பு. விண்வெளி இயற்பியலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

சூழல்

இது 2023-ஆம் ஆண்டில் நடந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம். சனிக்கிழமை காலையில் அங்கே தமிழ் வகுப்பு. அது முடிந்ததும் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் அறிவியல், அது என் பொறுப்பு. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர். இவர்களுடைய முன்னோர்கள் 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் வந்தவர்களும். ஐந்தாறு தலைமுறை கடந்துவிட்டதால் வீட்டில் ஆங்கிலம்தான். ஆகவே வகுப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்ச் சொற்களை நடுநடுவே ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வோம். பிள்ளைகள் பேசியதாக இங்கே எழுதியிருப்பது என் தமிழ். டீ போட்டுக் கொடுக்கும் ஆயா பேசியது மட்டும் அவருடைய சொந்தத் தமிழ்.

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதி தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் வருகிறது. இரண்டு மின்னூட்டங்கள், நடுவே ஒரு தூரம், சுற்றிலும் வெறுமை. கணக்குப் போட வசதியான படம். இந்தப் படம்தான் பிள்ளைகளின் மனதில் ‘விண்வெளி’யாகவும் உட்கார்ந்துவிடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எங்கோ இரண்டு உலோகப் பந்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோகூலும் நேர்மின்னூட்டம், இடைவெளி 100 மீட்டர். விசை எவ்வளவு? அந்த மின்னூட்டம் எவ்வளவு நாள் பந்தில் தங்கும்? பந்துகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்கு ஏறத்தாழ எல்லாரும் 0.0000009 நியூட்டன் என்று சரியாகப் போட்டுவிட்டார்கள். இரண்டாவதற்கு ‘என்றென்றும்’ என்று எழுதினார்கள், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவதற்கு ‘ஒன்றுமில்லை’, ‘வெற்றிடம்’. ஒரே ஒருவன் ‘கடவுள்’ என்று எழுதியிருந்தான். கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தால் இதையும் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

முதல் சறுக்கல்: கண்ணாடி உருண்டை

உண்மையில் நடுவே இருப்பது பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அவற்றை இழந்த அயனிகளும் தனித்தனியே திரியும் வாயு. ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை உடைக்க பிளாஸ்மா உருண்டை ஒன்றை வாங்கி வந்தேன். விரல் வைத்தால் ஊதா நிறக் கீற்று ஓடி வருமே, அந்தக் கண்ணாடி உருண்டை. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பத்து நிமிடத்தில் லோட்ஷெடிங் வந்து மின்சாரம் போய்விட்டது. உண்மையில் அது நல்லதற்குத்தான் போயிருக்கிறது.

மறுவாரம் ‘விண்வெளி பிளாஸ்மாவை வரைக’ என்றேன். எல்லாத் தாளிலும் ஊதாக் கீற்றுகள், மின்னல்கள். ஒருத்தி விண்கலத்தின் மேல் மின்னல் பாயவைத்து, விண்வெளி வீரரை ஓடவிட்டிருந்தாள். பிளாஸ்மா என்றால் பளபளப்பது, சுடுவது, தொட்டால் அடிப்பது என்றாகிவிட்டது. ஒன்றுமில்லை என்ற தப்பான படத்தை எடுத்துவிட்டு, நெருப்பு மழை என்ற இன்னொரு தப்பான படத்தை நானே மாட்டிவிட்டேன். விண்வெளி பற்றிய பாடத்தை அந்த உருண்டையிலிருந்து ஆரம்பிக்கவே கூடாது என்பது என் கட்சி. பாடத்தின் கடைசியில் மிட்டாய் மாதிரி வேண்டுமானால் கொடுக்கலாம்.

எண்களைக் கொண்டுதான் அந்தப் படத்தைக் கலைக்க முடிந்தது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்துக்கு, சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாவுக்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமிக்கு அருகே வரும்போது அதில் அதே அளவு இடத்தில் சுமார் 5 புரோட்டான், 5 எலக்ட்ரான். வெறும் ஐந்து! வெப்பநிலையோ ஒரு லட்சம் டிகிரி. “அப்போ வெந்துபோக மாட்டோமா?” என்று கேட்டார்கள். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதன் பொறி ஒவ்வொன்றும் ஆயிரம் டிகிரிக்கு மேல். கையில் விழுந்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பொறி சூடானது, ஆனால் அதில் சரக்கு இல்லை.

டீ கொண்டுவந்த ஆயா இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். “சூரியன்லருந்து காத்து வருதா, தம்பி? காத்துன்னா எலை அசையணுமே?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வருகிறது ஆயா, 15 கோடி கி.மீ. தாண்டிவர நாலு நாளுக்கு மேல் ஆகிறது, ஆனால் இலையை அசைக்கிற அளவுக்குக் கனம் இல்லை, அதோடு பூமியின் காந்தப்புலம் பெரும்பகுதியை வெளியிலேயே ஒதுக்கிவிடுகிறது என்றேன். “அசைக்காத காத்துக்கு எதுக்குக் காத்துன்னு பேரு?” என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெயர் வைத்தவர் யூஜீன் பார்க்கர். 1958-இல் அவர் எழுதிய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழாசிரியராக இருந்தவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியாததால் வெளியிட்டார். இந்தக் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் பெயரைக் கேட்டு நிமிர்ந்தார்கள். வகுப்பில் இரண்டு பேருக்குக் குடும்பப் பெயரே சுப்ரமணி என்றிருந்ததுதான் காரணம்.

ஓடிப் பிடித்த பாடம்

என் கணிப்பில், உண்மையாகவே வேலை செய்தது மண்டபத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட ஒரு செவ்வகம்தான்.

அந்தச் செவ்வகம் செயற்கைக்கோள். மூன்று பேர் புரோட்டான்: குதிகாலும் பெருவிரலும் தொட அடிமேல் அடி வைத்துத்தான் நடக்க வேண்டும். மூன்று பேர் எலக்ட்ரான்: எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடலாம். புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம். ஒரே வெப்பநிலையில் எலக்ட்ரானின் வேகம் அதன் வர்க்கமூலம், சுமார் 43 மடங்கு. கண்ணை மூடிக்கொண்டு திசை மாற்றித் திரிய வேண்டும். செவ்வகத்துக்குள் கால் பட்டால் கையிலிருக்கும் புளியங்கொட்டையையோ சோழியையோ உள்ளே போட்டுவிட்டு, ஓரமாகப் போய் வேறொன்று எடுத்துவர வேண்டும். புளியங்கொட்டை எதிர், சோழி நேர்.

ஒரு நிமிடத்தில் செவ்வகம் முழுக்கப் புளியங்கொட்டை. சோழி ஒன்றிரண்டுதான். எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை. பிளாஸ்மாவில் வைத்த எந்தப் பொருளும் முதலில் எதிர்மின்னூட்டம் பெறும் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். “அப்போ நிற்காமல் ஏறிக்கொண்டே போகுமா?” என்ற கேள்வியும் அங்கேயே வந்தது. உள்ளே கொட்டை கூடக்கூட, வருகிற எலக்ட்ரான்களை அது தள்ளும். சற்று நேரத்தில் வருகிற எலக்ட்ரானும் வருகிற புரோட்டானும் சமமாகி நிற்கும். இதற்கும் விதி போட்டு ஆடினோம்.

பிறகு சூரியனைக் கொண்டுவந்தேன். எண்ணெய்ப் பின்னல்காரிதான் சூரியன், கையில் டார்ச். அவள் செவ்வகத்தின் மேல் ஒளி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டை வெளியே. வெயில் பட்டால் பொருளிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், ஒளிமின் விளைவு. டார்ச் ஓடிக்கொண்டிருக்கும் வரை செயற்கைக்கோள் சில வோல்ட் நேர்மின்னழுத்தத்தோடு சமர்த்தாக இருக்கிறது. டார்ச்சை அணைத்தவுடன் மறுபடியும் கொட்டை குவிகிறது.

டார்ச் அணைந்ததும் ஒருவன் கத்தினான்: “சூரிய லோட்ஷெடிங்!” அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் கிரகணத்துக்கு அதுதான் பெயர். சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் மார்ச், செப்டம்பரை ஒட்டிய சில வாரங்களில் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 72 நிமிடம் போல. அந்த நேரத்தில் சூடான பிளாஸ்மா வந்து சூழ்ந்தால் ஆபத்து. 1970-களின் தொடக்கத்தில் ஏ.டி.எஸ்.-5 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் இப்படி நிழலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எதிர்மின்னழுத்தம் ஏறியதை அளந்தார்கள். கலத்தின் ஒரு பகுதி ஒரு மின்னழுத்தத்திலும் இன்னொரு பகுதி வேறொன்றிலும் இருந்தால் நடுவே பொறி பறக்கும், மின்னணுக் கருவி குழம்பும். ஆக, அந்தப் பெண் வரைந்த மின்னல் முழுத் தப்பு இல்லை. மின்னல் வெளியிலிருந்து வரவில்லை, கலத்திலிருந்தே கிளம்புகிறது.

கற்பூரமும் ஊறுகாய் பாட்டிலும்

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பெர்க் காற்று அடித்தது. உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கிவரும் சூடான வறண்ட காற்று. உதடு வெடிக்கும், துணி ஒரு மணி நேரத்தில் காயும். அன்றைக்குத்தான் நிலைமின்காட்டியை வெளியே எடுத்தேன். கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில், மூடி வழியாகச் செம்புக் கம்பி, அதன் முனையில் இரண்டு அலுமினியத் தாள் இலைகள். தேய்த்த குழாயைக் கம்பியில் தொட்டதும் இலைகள் விரிந்து, அப்படியே நின்றன. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, கம்பிக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டினேன். தொடவே இல்லை. இலைகள் சட்டென்று மடங்கிவிட்டன.

சுடரில் கொஞ்சம் அயனிகள் இருக்கின்றன. எதிர்க்குறி கொண்டவை கம்பியை நோக்கி வந்து மின்னூட்டத்தைத் தீர்த்துவிட்டன. விண்வெளியில் பந்துக்கு நடப்பதும் இதுதான். “அப்போ கற்பூரச் சுடரும் பிளாஸ்மாவா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சில அயனிகள் இருப்பது மட்டும் போதாது, மின்துகள்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒன்றின் மின்புலத்துக்கு ஒன்று இசைந்து நடந்தால்தான் அது பிளாஸ்மா. சிறு சுடரில் அயனிகள் சாதாரண மூலக்கூறுகளோடு முட்டி மோதுவதிலேயே பொழுதைக் கழிக்கின்றன.

அந்தக் கூட்ட நடத்தையைக் காட்டத் தைப்பூசக் காவடி ஊர்வலத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். காவடி எடுப்பவரைச் சுற்றி உறவினர்கள் மொய்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் காவடி தெரியும். தெருமுனையில் நிற்பவருக்குக் கூட்டம்தான் தெரியும். பிளாஸ்மாவில் ஒரு நேர்மின்னூட்டத்தை வைத்தால் எலக்ட்ரான்கள் இப்படித்தான் மொய்த்து அதை மறைக்கின்றன. மறைக்க ஆகும் தூரத்துக்கு டிபை நீளம் என்று பெயர். சூரியக் காற்றில் சுமார் 10 மீட்டர். “ஆகவே 100 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாவது பந்துக்கு முதல் பந்து இருப்பதே தெரியாது” என்று கம்பீரமாக முடித்தேன்.

இரண்டாவது சறுக்கல்: புத்தகப் பழக்கம்

எண்ணெய்ப் பின்னல்காரி வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் வந்ததும் நோட்டை நீட்டினாள்.

ஒரு மைக்ரோகூலும் மின்னூட்டத்தை ஈடுகட்ட 6.25 லட்சம் கோடி எலக்ட்ரான் வேண்டும். கன சென்டிமீட்டருக்கு 5 வீதம் இருந்தால், அவ்வளவையும் திரட்ட 12.5 லட்சம் கன மீட்டர் இடம் வேண்டும். அதாவது 108 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி. ஒரு ரக்பி மைதானத்தின் நீளத்துக்கு உயரமும் வைத்தது போல. “பத்து மீட்டருக்குள் எப்படி சார் மறையும்? அங்கே ஆளே பத்தாதே?”

பத்தாதுதான். உருண்டையாக வைத்துப் பார்த்தாலே ஆரம் 67 மீட்டர் வருகிறது. 10 மீட்டர் என்ற கணக்கு, எலக்ட்ரான்களின் சொந்த ஆற்றலோடு ஒப்பிடத்தக்க சிறிய மின்னழுத்தத்துக்குத்தான் செல்லும், சில வோல்ட் அளவில். பத்து சென்டிமீட்டர் ஆரமுள்ள பந்தில் ஒரு மைக்ரோகூலும் ஏற்றினால் அது 90,000 வோல்ட்! பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் மைக்ரோகூலும் வருகிறதே என்று நானும் கை போன போக்கில் எழுதிவிட்டேன். ஆய்வகத்தில் அது சின்ன எண். சூரியக் காற்றில் அது ராட்சச எண்.

அவளுடைய கணக்கைக் கரும்பலகையில் அப்படியே எழுதவைத்தேன். ஆசிரியர் மாட்டிக்கொண்ட நாளில் பிள்ளைகளுக்கு வருகிற கவனம் வேறெந்த நாளிலும் வராது. அந்தச் சூட்டோடு சூடாக இரண்டாவது கேள்விக்கும் கணக்குப் போட்டோம். எலக்ட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 2,000 கி.மீ. பந்தின் பரப்பில் நொடிக்கு எத்தனை வந்து விழும்? பந்து அவற்றை இழுப்பதைக் கணக்கில் சேர்க்காமலேயே, இருபது நொடி போல ஆகிறது ஒரு மைக்ரோகூலும் தீர. இழுப்பதையும் சேர்த்தால் அதைவிடக் குறைவு.

‘என்றென்றும்’ என்று எழுதியதற்கு விடை, அரை நிமிடம்கூட இல்லை. பிப்ரவரி மண்டபத்தில் என் பலூனுக்கு நேர்ந்த கதிதான். அங்கே ஈரம் திருடியது, இங்கே எலக்ட்ரான் கொண்டுவந்து கொட்டியது.

ஒருவன் விடவில்லை. டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பின்னல் ஊசியைத் தேய்த்து, நீர்த்துளிகளை அதைச் சுற்றிச் சுற்றி வரவைத்த வீடியோவைக் கைப்பேசியில் காட்டினான். அங்கே மட்டும் எப்படி சார்ஜ் தங்குகிறது? நல்ல கேள்வி. அந்த நிலையத்தின் உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் காற்று. எடை தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். சுவருக்கு இந்தப் பக்கம் ஊறுகாய் பாட்டில், அந்தப் பக்கம் பிளாஸ்மா.

ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பிரிக்ஸ் மாநாட்டுக்காக வந்திருந்த இந்தியப் பிரதமர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்துதான் அதைப் பார்த்தார் என்பதால் இங்கே அது உள்ளூர்ச் செய்தி மாதிரியே ஆகிவிட்டது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்பதில் பெற்றோர்களுக்குப் பெருமை. எனக்கு வேண்டியிருந்தது வேறு: அந்தக் கலத்தில் லாங்மியூர் ஆய்வி ஒன்று இருந்தது. பிளாஸ்மாவில் நீட்டி, மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்க்கும் கருவி. எங்கள் சுண்ணாம்புச் செவ்வகம்தான், கொஞ்சம் விலை அதிகம். நிலவின் தரைக்கு அருகே ஒரு கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி வரை எலக்ட்ரான் என்று அளந்து சொன்னது. பிள்ளைகள் உடனே கன சென்டிமீட்டருக்கு மாற்றினார்கள்: 5 முதல் 30. நான் சொல்லவே இல்லை.

மீண்டும் அதே மூன்று கேள்விகள்

செப்டம்பரில் மறுபடி எழுதவைத்தேன். இந்த முறை பந்தின் மின்னூட்டத்தைக் குறைத்து, சில வோல்ட் வருகிற மாதிரி வைத்தேன். நடுவே என்ன இருக்கிறது என்பதற்கு எல்லாரும் எலக்ட்ரான், புரோட்டான் என்று எண்ணிக்கையோடு எழுதினார்கள். கடவுள் பையன் கடைசியில் ‘கடவுளும்’ என்று சேர்த்திருந்தான். எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கு ஒரு நொடிகூட இல்லை என்று விடை வந்தது. ஆனால் விசைக் கேள்வியில் மூன்று பேர் இன்னொரு பள்ளத்தில் விழுந்திருந்தார்கள். இடைவெளியை ஒரு மீட்டராக மாற்றிக் கேட்டபோதும் ‘பிளாஸ்மா மறைத்துவிடும், விசை இல்லை’ என்று எழுதினார்கள். ஒரு மீட்டரில் கூட்டம் இன்னும் கூடவே இல்லை, காவடி நன்றாகவே தெரியும், கூலும் விதி ஜோராகச் செல்லும். புதிதாகக் கற்ற மந்திரத்தை எல்லா இடத்திலும் ஓதிப் பார்ப்பது பிள்ளைகளின் சுபாவம்தான். தப்பு என் பக்கமும் உண்டு. எப்போது மறைக்கும் என்று ஐந்து முறை சொன்னேன், எப்போது மறைக்காது என்று ஒருமுறைதான் சொன்னேன்.

காந்தப்புலத்தை நான் வேண்டுமென்றே தொடவில்லை. ஆயாவுக்குச் சொன்ன ஒரு வரியோடு சரி. மின்னியலே தலைக்கு மேல் போகும்போது அதையும் இழுத்துவிட்டால் இரண்டும் போய்விடும் என்று பயந்தேன்.

2024 மே 10-ஆம் தேதி இரவு பெரிய காந்தப்புயல் வந்தது, அதாவது சூரியனிலிருந்து சீறி வந்த பிளாஸ்மா பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கியது. வெஸ்டர்ன் கேப் பக்கம் வானம் இளஞ்சிவப்பாகத் தெரிந்த படங்கள் மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் வந்தன. எண்ணெய்ப் பின்னல்காரி அப்போது மெட்ரிக், இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு. காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து செய்தி: “சார், சூரியக் காற்றில் நேரும் எதிரும் சம அளவில்தானே வருகிறது? பத்து மீட்டரில் ஒன்றையொன்று மறைத்தும் விடுகிறது. அப்புறம் எது பூமியைப் பிடித்து ஆட்டுகிறது?”

விடை காந்தப்புலத்தில் இருக்கிறது. சூரியக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. மின்புலத்தை மறைக்கிற மாதிரி அதை எலக்ட்ரான் கூட்டம் மறைக்க முடியாது. நான் தள்ளிவைத்த பாடமேதான்.

அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இப்போது யோசித்து வைத்திருக்கிறேன். கேப் டவுனில் முன்பு ஒரு காந்த ஆய்வகம் இருந்தது. புறநகர் ரயில்கள் மின்சாரத்துக்கு மாறியதும் அந்த மின்னோட்டம் அங்கிருந்த காந்த ஊசிகளைக் கெடுத்தது. ஆய்வகத்தை ரயிலுக்கு எட்டாத ஹெர்மானஸ் என்ற கடலோர ஊருக்கு 1941-இல் கொண்டுபோனார்கள். நாட்டின் விண்வெளி வானிலை மையம் இன்று இயங்குவது அங்கேதான். ஒரு திசைகாட்டி, ஒரு பேட்டரி, ஒரு முழம் கம்பி இருந்தால் ரயில் செய்த சேட்டையை மண்டபத்திலேயே செய்து காட்டிவிடலாம். அதற்கு ஈரம் ஒரு பொருட்டில்லை, பிப்ரவரியிலேயே வைத்துக்கொள்ளலாம்.